அளந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்

இந்தியக் கடலை அளக்கிற நீர்வரைவியல் அதிகாரிகளுக்கும், கடல் ஆய்வு நிறுவனங்களின் அறிவியலாளர்களுக்கும், துறைமுகப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். பதினெட்டு வருடம் சர்வே படகுகளில் வேலை பார்த்தேன். பொறியாளர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்த நிறுவனம் கடலடி அளக்க வந்தால் உள்ளூரில் ஒரு படகு பிடிப்பார்கள். பக்கவாட்டில் இரும்புக் குழாயை இறக்கி, அதன் நுனியில் கருவியைப் பூட்டுவார்கள். அது ஆடாமல் இருக்க முன்னும் பின்னும் கயிறு போட்டு இறுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பிகளுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்துப் பார்த்து, எது பாறை, எது மீன், எது கருவியின் கோளாறு என்று எனக்கும் பிடிபட்டுவிட்டது. இப்போது வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து மடல் எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தை அளக்கப் போனோம். ஊர் பெயரும் வேலை கொடுத்தவர்கள் பெயரும் வேண்டாம். மே மாதம், காற்றே இல்லை, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. இரண்டாம் நாள் மதியம் திரையில் நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு நாக்கு நீண்டுகொண்டே வந்தது. தெற்குத் தடுப்புச்சுவரின் முனையிலிருந்து வாய்க்குக் குறுக்கே மணல் வளர்ந்திருந்தது. வற்றுத் தண்ணீரில் அதன் மேல் 1.1 மீட்டர் ஆழம்தான். ஆனால் வடக்குச் சுவரை ஒட்டி, பதினைந்து மீட்டர் அகலத்துக்கு, 2.8 மீட்டர் ஆழத்தில் ஒரு வழி திறந்தே இருந்தது. “இதுல படகு தட்டுமே தம்பி” என்றேன். “ஆமாண்ணே, ரிப்போர்ட்ல வந்துரும்” என்றார் அவர்.

வந்தது. செப்டம்பர் மாதம் வந்தது. அதற்குள் ஜூன் கடைசியில், கச்சான் காற்று எழும்பிய ஒரு விடியற்காலையில், என் பெரியப்பா மகன் ஃபைபர் படகோடு உள்ளே நுழைந்தபோது பின்னால் வந்த அலை அந்த மணலில் ஏறி உடைந்தது. படகு குப்புறக் கவிழ்ந்தது. எஞ்சின் போயிற்று, வலை போயிற்று. அண்ணனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது புண்ணியம்.

அந்த அளவை எடுத்த படகில் நான் இருந்தேன். நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன் அண்ணியே கேட்டுவிட்டார். சொல்லாமல் இல்லை. தெற்குப் பக்கம் மண் ஏறியிருக்கிறது என்று டீக்கடையில் சொன்னேன். அது ஊருக்கே தெரிந்த சங்கதி. தெரியாதது, வடக்குச் சுவரை ஒட்டி எத்தனை மீட்டருக்குள் வந்தால் வழி இருக்கிறது என்பது. அந்த எண்ணை நான் சொல்லவில்லை. தரவு எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதோடு, ரிப்போர்ட் வந்தால் துறைமுகத்தில் ஒட்டுவார்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். இந்த மடலின் பாதி என் மேல் எனக்குள்ள கோபம். மீதிப் பாதியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

என் தாத்தா தோணியில் தண்டையல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணிகளின் காலம் அது. ஆழம் பார்க்க அவரிடம் இருந்தது ஈயக்குண்டு கட்டிய ஒரு கயிறு. பாகத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு பாகம். குண்டின் அடியில் சின்னதாக ஒரு குழி இருக்கும். அதில் துணி சோப்பை அப்பி இறக்குவார். மேலே வந்ததும் ஆழத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே குண்டைத் திருப்பி அடியைப் பார்ப்பார். சோப்பில் மணல் ஒட்டியிருக்கிறதா, கறுப்புச் சேறா, சிப்பித்தூளா, ஒன்றும் ஒட்டாமல் சிராய்ப்பு மட்டும் விழுந்திருக்கிறதா? சிராய்ப்பு என்றால் அடியில் பார், அதாவது பாறைத் திட்டு. விரலால் தேய்த்து, சில நேரம் மோந்தும் பார்ப்பார். எத்தனை பாகம் என்பதை விட எந்த மண் என்பதுதான் தோணி எங்கே நிற்கிறது என்று அவருக்குச் சொன்னது.

பிற்பாடு ஒரு சர்வே தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும், உலகத்தின் பெரிய ஆய்வுக் கப்பல்களும் இதையேதான் செய்திருக்கின்றன என்று. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சர், 1875-இல் பசிபிக்கின் மரியானா பகுதியில் கயிற்றை இறக்கி 4,475 ஃபாதம் என்று குறித்தது. ஃபாதம் என்றால் நம் பாகமேதான், விரித்த இரண்டு கைதான். இங்கே தாத்தாவின் தோணியிலும் அங்கே ராணியின் கப்பலிலும் கடலை மனிதன் கையை விரித்தே அளந்திருக்கிறான். இந்தச் செய்தியைத் தாத்தாவிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு ஒரு குறை.

கயிறு போய் ஒலி வந்த கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, அலெக்ஸாண்டர் பெம் என்ற ஜெர்மானியர் பனிமலையை எதிரொலியால் கண்டுபிடிக்க முயன்றார். பனிமலைக்கு அது சரிப்படவில்லை. கடலடியோ நன்றாகப் பதில் கொடுத்தது. 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. 1925 முதல் 1927 வரை ஜெர்மன் கப்பல் மீட்டியோர் தெற்கு அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்கும் கடந்து 67,000 இடங்களுக்கு மேல் எதிரொலியால் அளந்தது. கயிறாக இருந்தால் ஆழ்கடலில் ஒரு குண்டு இறங்கி ஏறவே மணிக்கணக்காகும்.

அதுவும் கப்பலுக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும்தான். விசிறி போல ஒரே நேரத்தில் பல திசையில் ஒலியை வாங்கும் பல்கற்றைக் கருவி ராணுவத்தின் கையிலிருந்து வெளியே வர 1970-கள் ஆயிற்று. 1977-இல் ஜான் ஷார்க்கோ என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பலில் பூட்டிய சீபீம் கருவிக்கு 16 கற்றைகள். நான் கடைசியாகக் கட்டிய கருவி ஒரு பிரஷர் குக்கர் அளவுதான் இருக்கும், அதில் நூற்றுக்கணக்கில். அதைக் கட்டி முடித்தால் வேலை உழவு மாதிரி. சால் சாலாகப் போய், திரும்பி, முந்தின சாலின் ஓரத்தைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டே வர வேண்டும்.

தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நம் கடல் சூடு, அதனால் மேல் தண்ணீரில் 1,540 வரை போகும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒலி அடியைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் 13 துண்டு போதும். நேர் கீழே போகும் ஒலி சமர்த்து. ஓரத்துக்குச் சாய்ந்து போகும் ஒலிதான் தொல்லை. வெயிலில் மேல் தண்ணீர் சூடேறினால், மழைக்காலத்தில் ஆற்று நீர் மேலே பாயாகப் படர்ந்தால், அது வளைந்துவிடும். காலையில் பார்த்த ஒலிவேகத்தை வைத்துக்கொண்டு மதியம் அளந்தால், அடியில் மட்டமான சேறு இருந்தாலும் திரையில் இரண்டு ஓரமும் தூக்கி நிற்கும், இல்லையென்றால் தொங்கும். அதற்காகத்தான் ஒலிவேகத்தைப் புதிதாகப் பார்க்க இரண்டு மணிக்கொரு முறை “அண்ணே, ப்ரோப் இறக்குங்க” என்று என்னைக் கூப்பிடுவார்கள். கயிறு ஓடி ஓடி என் உள்ளங்கையில் காய்த்துப் போன தழும்பு இன்னும் இருக்கிறது. எந்தக் கருவி வந்தாலும் கயிறு பிடிக்கிறவன் வேலை போகவில்லை என்று சிரித்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கருவிகளுக்கு ஒரு குணம் இருக்கிறது. ஆழம் கூடக்கூட விசிறி விரியும். ஆழத்தைப் போல நான்கு மடங்கு அகலம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 4,000 மீட்டர் ஆழத்தில் ஒரே சாலில் 16 கிலோமீட்டர் அகலம் கிடைக்கும். பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டரில், போகிற கப்பல் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 300 சதுர கிலோமீட்டரை வாரிக்கொள்ளும். எங்கள் பத்து மீட்டர் தண்ணீரில் சாலின் அகலம் 40 மீட்டர். ஐந்து நாட்டில் ஊர்ந்தால் மணிக்கு அரை சதுர கிலோமீட்டர் கூடத் தேறாது. பதிலுக்குக் கூர்மை கிடைக்கும். ஒரு டிகிரிக் கற்றை ஆழ்கடலின் அடியில் 70 மீட்டர் அகலத்துக்கு விழுகிறது. எங்கள் தண்ணீரில் ஒரு சாணுக்குள் விழுகிறது. ஆழ்கடலில் ஒரு தெருவையே ஒரு புள்ளியாகப் பார்க்கிற கருவி, கரையோரத்தில் அடியில் கிடக்கிற ஒரு நங்கூரத்தைக் காட்டிவிடும். ஆனால் நேரமும் டீசலும் ஆளும் அதிகம். பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. தட்டினால் கருவிக்குச் சேதம். இதனால்தான் மனிதன் தினமும் இறங்குகிற கரையோரக் கடல் அளப்பதற்குச் சிக்கலான கடலாக இருக்கிறது.

உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. நிப்பான் அறக்கட்டளையும், 1903-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தொடங்கிவைத்த, உலகக் கடலடிக்கு வரைபடம் போடுகிற ஜெப்கோவும் சேர்ந்து நடத்தும் சீபெட் 2030 திட்டம். 2017-இல் ஆரம்பித்தபோது உலகக் கடலடியில் 6 விழுக்காடுதான் முறையாக அளந்து சேர்ந்திருந்தது. 2025 ஜூனில் 27.3 விழுக்காடு என்றார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் 1,500 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலுக்கு 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டத்துக்குள் ஓர் அளவு விழுந்தாலும் அது அளந்த கட்டம். பசிபிக்குக்கு அது தாராளம். எங்கள் ஊர் முகத்துவாரத்துக்கு? மணல் நாக்கு, பதினைந்து மீட்டர் வழி, இரண்டு தடுப்புச்சுவர், அண்ணனின் படகு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அதே திட்டத்திலிருந்து உங்களுக்குப் பிடிக்காத ஒரு பாடமும் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் அந்த 6 விறுவிறுவென்று ஏறியதற்குப் பெரிய காரணம், புதிதாகக் கப்பல் விட்டது இல்லை. ஏற்கெனவே யாரோ அளந்து, எங்கோ பெட்டியில் கிடந்த தரவுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். நம் கரையோரத்திலும் துறைமுகம் தோண்ட, அனல்மின் நிலையத்துக்குக் குழாய் போட, கடலரிப்புக்குக் கல் கொட்ட, கேபிள் இழுக்க என்று நான் போய்வந்த சர்வேக்களே நூறைத் தாண்டும். ஒவ்வொன்றும் ஒரு ரிப்போர்ட்டின் பின்னிணைப்பு. அடுத்த வருடம் பக்கத்து வேலைக்கு வேறு நிறுவனம் வரும், அதே தண்ணீரில் மறுபடியும் சால் ஓட்டும். எனக்கு இரண்டு தடவை கூலி கிடைத்தது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாட்டில் கருவிக்கும் கப்பலுக்கும் குறைவில்லை. 110 மீட்டர் நீளமுள்ள ஐ.என்.எஸ். சந்தாயக் 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிர்தேஷக் வந்தது. இந்த வகைக் கப்பல்களில் பல்கற்றைக் கருவிகள், சர்வே படகுகள், ஆளில்லாமல் நீருக்குள் போகும் வாகனங்கள் எல்லாம் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை இறக்க மத்ஸ்யா என்ற நீர்மூழ்கி வாகனம் கட்டுகிறீர்கள். பெருமைதான். ஆறாயிரம் மீட்டரில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஆறு மீட்டரையும் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அப்புறம், கடல் வரைபடம் போடுகிற தலைமை அலுவலகம் டேராடூனில், இமயமலை அடிவாரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு, இங்கே எழுத மாட்டேன்.

வானத்திலிருந்தே பார்த்துவிடலாமே என்று ஒரு பேச்சு வரும். 2024-இல் இஸ்ரோ அறிவியலாளர்கள் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசரை வைத்து ராமர் பாலத் திட்டுகளின் நீரடி வடிவத்தை வரைந்து காட்டினார்கள். படம் அருமை. ஆனால் லேசருக்குத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். வாடைக்காலத்தில் பாக் நீரிணையில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அங்கே ஒலிதான் கதி. ஒலியை எடுத்துப் போக ஆளில்லாத சின்னப் படகுகள் வந்துவிட்டன. பெரிய அளவில் 2021-இல் சேயில்டிரோன் சர்வேயர் என்ற ஆளில்லாப் பாய்க்கலம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய் வரை அளந்துகொண்டே போனது. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு மீட்டர் தண்ணீரில் ஓடுகிற, இரண்டு பேர் தூக்கிப் போடக்கூடிய ஒன்று ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்துக்கும் இருந்தால் முகத்துவாரத்தை மாதம் ஒருமுறை அளந்துவிடலாம். அரை நாள் வேலை. நான் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அளந்ததை எங்களுக்குத் தருவதில்தான் அடுத்த சிக்கல். கப்பல் வரைபடம் கப்பலுக்காகப் போட்டது. இருக்கிற அளவுகளில் குறைந்த ஆழத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். கப்பலின் அடி தட்டாமல் இருக்க அதுதான் முறை. எங்களுக்கு வேண்டியது வேறு. வலை எங்கே கிழியும், எங்கே சேறு முடிந்து பார் ஆரம்பிக்கிறது, மூழ்கிப்போன படகு எங்கே கிடக்கிறது என்பது வேண்டும். இது உங்களிடம் இருக்கிறது. பல்கற்றைக் கருவி ஆழத்தோடு எதிரொலியின் பலத்தையும் பதிகிறது. பாறை பளிச்சென்று திருப்பி அனுப்பும், சேறு ஒலியைக் குடித்துவிட்டு மந்தமாகத் தரும். தாத்தாவின் சோப்புக் குழி அப்படியே மின்னணுவில் வந்துவிட்டது என்று முதல் தடவை அந்தச் சாம்பல் நிறப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் அந்தப் படத்தை யாரும் கேட்பதே இல்லை. ஒப்பந்தத்தில் ஆழம் மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். சர்வே முடிந்ததும் தரவைச் சுத்தம் செய்வார்கள். நடுத்தண்ணீரில் மேகம் மாதிரி தொங்குகிற புள்ளிகளைக் கட்டம் கட்டி அழிப்பார்கள். “என்ன தம்பி அது?” என்றால் “ஒண்ணுமில்லண்ணே, நாய்ஸ்” என்பார்கள். அது சாளைக் கூட்டம். இருபது பெட்டிக்குக் குறையாது. எங்கள் படகுகளிலும் எக்கோ என்கிற எதிரொலிக் கருவி இருக்கிறது. அதில் நாங்கள் மேகத்தைப் பார்ப்போம், அடியை லட்சியம் செய்ய மாட்டோம். ஒரே ஒலி, ஒரே தண்ணீர். ஒருவர் குப்பை இன்னொருவர் சாப்பாடு.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். கடலடி விவரம் பகைவர் கைக்குப் போகக் கூடாது என்பது எனக்கும் புரியும். ஆழ்கடலை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மீட்டர் தண்ணீரில் எந்த நீர்மூழ்கி வந்து ஒளியப் போகிறது? முதுகு வெளியே தெரியும், எங்கள் பிள்ளைகளே கல்லெறிந்து விரட்டிவிடுவார்கள். இருபது மீட்டருக்கு உட்பட்ட கடலையாவது திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அயர்லாந்து இன்ஃபோமார் திட்டத்தில் அளந்த தன் கடலடியை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அந்த நாட்டுக்கு இதனால் ஒரு கேடும் வந்ததாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 இந்தக் கரைக்கு மறக்காது. அதற்குப் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, நல்ல வேலை செய்கிறது. அந்த அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல்; பத்து மீட்டருக்கு வரும்போது சுமார் 36. வேகம் குறையக் குறைய அலை உயரும். எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்று உங்கள் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டுமென்றால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரின் அடி எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது கரை எப்படி மாறியது என்று எல்லாரும் படம் எடுத்தார்கள். கரை அவ்வளவு மாறினால் கடலடி சும்மா இருந்திருக்குமா? புயல் போன ஒவ்வொரு தடவையும், தோண்டிய ஒவ்வொரு தடவையும் கரையோரத்தை மறுபடி அளப்பதை வழக்கமாக்குங்கள்.

எங்கள் ஆட்களிடமும் தப்பு இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஒவ்வொரு விசைப்படகின் ஜி.பி.எஸ்ஸிலும் நூற்றுக்கணக்கில் பாயிண்ட் இருக்கிறது. எந்தப் பாரில் விளமீன், எந்த இடத்தில் வலை மாட்டும், எல்லாம் எண்ணாக. அதை டிரைவர் தன் தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டார். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேராக வைத்து, அந்தப் பக்கம் மாதா கோயிலையும் உப்புக் களஞ்சியத்தையும் நேராக வைத்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பாரைப் பிடித்தார்கள். அப்போதும் ரகசியம்தான். முத்துக் குளித்த காலத்திலிருந்து பெயரோடு இருக்கிற தொலையிரம் பார் மாதிரி சிலதான் வெளியே தெரியும். மற்றவை குடும்பச் சொத்து. ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. நார்வே மீனவர்கள் ஓலெக்ஸ் என்ற மென்பொருளில் தங்கள் எக்கோவின் ஆழ அளவுகளைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவருக்கு எல்லாருடைய அளவும் சேர்ந்த வரைபடம் திரும்பக் கிடைக்கிறது. மீன் பிடித்த பாயிண்டை யாரும் கேட்பதில்லை, ஆழத்தை மட்டும்தான். கொடுத்தால் கிடைக்கும் என்று தெரிந்தால் எங்கள் ஆட்களும் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததால்தான் இவ்வளவு இறுக்கம்.

தருவதை எங்களுக்கு வாய்க்கிற மாதிரி தாருங்கள். பி.டி.எஃப். வேண்டாம். கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் திறக்க வேண்டும். எழுத்து தமிழில் இருக்கட்டும். மீட்டரோடு பாகமும் போடுங்கள், இன்றைக்கும் “எத்தன பாகத்துல கெடக்க?” என்றுதான் வயர்லெஸில் கேட்கிறோம். எந்தத் தேதியில் அளந்தது என்பதைப் பெரிதாகப் போடுங்கள்; மணல் நகரும் இடத்தில் பழைய எண் கேடு. முகத்துவாரத்தின் அளவை மட்டும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். திருத்தாத அளவு என்று மேலே எழுதிவிடுங்கள், நாங்கள் புரிந்துகொள்வோம். அரை மீட்டர் பிசகான எண்ணைக் கூட நாங்கள் பயன்படுத்திக்கொள்வோம். செப்டம்பரில் வருகிற துல்லியம் ஜூனில் கவிழ்ந்தவனுக்கு எதற்கு?

ஜூன் 21 உலக நீர்வரைவியல் நாள். நீங்கள் விழா எடுப்பீர்கள். அந்த வாரம் இங்கே கச்சான் உச்சத்தில் இருக்கும், படகில் கருவி கட்ட முடியாது. அதனால் ஏப்ரலில் வாருங்கள். தாத்தாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. பார்களின் பெயர், பாகம், சோப்பில் என்ன ஒட்டியது என்று பென்சிலில் எழுதியது. அண்ணனிடம் கேட்டுவிட்டேன், அந்தப் பக்கங்களை உங்களுக்குக் காட்டச் சம்மதித்துவிட்டார், நகல் எடுக்காமல் இருந்தால். சோப்பும் உங்கள் எதிரொலியும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்துவிடுவோம். படகு நான் ஏற்பாடு செய்கிறேன். ப்ரோப் இறக்கப் புது ஆள் தேட வேண்டாம், முழங்கால்தான் போயிருக்கிறது, கை நன்றாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய சர்வே படகுக்காரன்,
தூத்துக்குடி